1969 ஷெவெல் எஸ்எஸ் 396: சூடானா ஸ்டார்ட் ஆகல, மிதிச்சா திணறுது. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

மிச்சிகன்_வி8:

வணக்கம். ஷெவர்லே கம்பெனியோட பழைய வி8 கார், 1969 ஷெவெல் எஸ்எஸ் 396 வாங்கியிருக்கேன். 350 குதிரைத்திறன் இன்ஜின், டர்போ 400 ஆட்டோமேட்டிக், கம்பெனி குவாட்ராஜெட் கார்புரேட்டர், பாயிண்ட் இக்னிஷன் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ள திறந்து மூடுற தொடுமுனையால பொறி வர்ற பழைய முறை). பல வருஷமா ஷெட்ல நின்ன வண்டி. வித்தவர் புது பேட்டரி, புது ப்ளக் போட்டுக் கொடுத்தார். டேங்க்ல இருந்த பழைய பெட்ரோலை எடுத்தாரான்னு தெரியல.

இப்போ இருக்குற நிலைமை: ராத்திரி நின்னுட்டு காலையில ஸ்டார்ட் பண்ணா ரொம்ப நேரம் கிராங்க் பண்ணணும். சூடா நிறுத்திட்டு கால் மணி நேரம் கழிச்சு வந்தா ஸ்டார்ட் ஆகாது. ஆனா கறுப்புப் புகை, பெட்ரோல் வாசம். ஓடும்போது சட்டுனு மிதிச்சா ஒரு நொடி செத்துப்போய், சில சமயம் கார்புரேட்டர் வழியா "டப்"னு வெடிச்சுட்டு அப்புறம்தான் இழுக்குது. ஐடில் ஆடுது. சிக்னல்ல நின்னா வெப்பம் 220 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறிடுது, ஹைவேல 190க்கு இறங்கிடுது. பிரேக் பிடிச்சா இடப்பக்கம் இழுக்குது.

கார்புரேட்டரைக் கழட்டி ரீபில்ட் பண்ணலாமா, இல்ல புது ஹோலி கம்பெனி கார்புரேட்டர் வாங்கிப் போட்டுடலாமான்னு யோசனை. டைமிங் லைட், வேக்குவம் கேஜ், டுவெல் மீட்டர் எல்லாம் கையில இருக்கு. எந்த வரிசையில போகணும்னு சொல்லுங்க.

ஓஹாயோ_கரேஜ்:

வாழ்த்துகள், நல்ல வண்டி. ஆனா கார்புரேட்டர்ல இப்போ கை வைக்காதீங்க. நீங்க எழுதினதுல பாதிக்கு மேல இக்னிஷன் சரியில்லேன்னாலே வரும். டைமிங், அதாவது ப்ளக்ல பொறி விழற நேரம், பின்தங்கியிருந்தா இன்ஜின் சூடேறும், ஐடில் ஆடும், மிதிச்சா இழுக்காது. அதை அப்படியே விட்டுட்டு கார்புரேட்டரை மாத்தினா பழைய கோளாறும் இருக்கும், புது கார்புரேட்டரோட ட்யூனிங்கும் சேர்ந்துக்கும். எது எதனாலன்னு பிரிக்கவே முடியாது. முதல்ல ஆயிலும் பெட்ரோலும், அப்புறம் இன்ஜினோட உடம்பு, அப்புறம் இக்னிஷன், அதுக்கு அப்புறம்தான் கார்புரேட்டர்.

டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சாலோ, அளவு ஃபுல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ அந்த ஆயிலோட இன்ஜினை ஓட்டக் கூடாது. பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் கிழிஞ்சிருக்கும், இல்ல கார்புரேட்டர் நிரம்பி வழிஞ்சு ரிங் வழியா இறங்கியிருக்கும். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கையும் கேம் லோபையும் தின்னுடும். ஃபில்டரோட சேர்த்து 5 குவார்ட் பிடிக்கும். 10டபிள்யூ-30 போதும், ஆனா கடையில கிடைக்கிற சாதாரண எஸ்பி கிரேடு 10டபிள்யூ-30 வேண்டாம். இது ஃப்ளாட் டேப்பெட் கேம். லிஃப்டர் அடிப்பகுதி லோப் மேல உரசிக்கிட்டே போகும். அந்த இடத்தைக் காக்குறது ஆயில்ல இருக்குற துத்தநாகமும் பாஸ்பரஸும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடக் கூடாதுன்னு இப்போதைய கார் ஆயில்கள்ல பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள்ள கட்டுப்படுத்திட்டாங்க. பழைய வண்டிக்குன்னு தனியா விக்கிற, துத்தநாகம் 1,200 பிபிஎம் அளவுல இருக்குற ஆயிலா பார்த்து வாங்குங்க.

டேங்க்ல இருக்குறது பழைய பெட்ரோல்னே வெச்சுக்கோங்க. ரெண்டு பட்டியைக் கழட்டினா டேங்க் இறங்கிடும். பெட்ரோல் அளவு காட்டுற சென்டிங் யூனிட்டை வெளியே எடுத்து உள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. அடியில காப்பி நிறத்துல பிசின் படிஞ்சிருந்தா கழுவலாம். துரு செதில் செதிலா உரிஞ்சா கழுவி, சீலர் பூசி எல்லாம் நேரத்தை வீணாக்காதீங்க, புது டேங்க் விலை அதிகமில்ல. சென்டிங் யூனிட் முனையில இருக்குற வலை ஃபில்டர் நைஞ்சிருக்கும், கண்டிப்பா மாத்துங்க. பேட்டரியைக் கழட்டிட்டு, கராஜ் கதவைத் திறந்து வெச்சு, தீயணைப்பான் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் இந்த வேலை. கராஜ்ல வாட்டர் ஹீட்டர் பைலட் எரிஞ்சா அதையும் அணைச்சிடுங்க.

ரப்பர் ஹோஸ் டேங்க்ல இருந்து ஃப்ரேம் லைனுக்கு ஒண்ணு, ஃப்ரேம் லைன்ல இருந்து பம்புக்கு ஒண்ணு. ரிட்டர்ன் லைன் இருந்தா அதுவும். எல்லாத்தையும் எஸ்ஏஇ 30ஆர்9 ஹோஸா மாத்துங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்பக்கமா கரைச்சு, அந்தக் கறுப்புத் தூள் நேரா கார்புரேட்டருக்குள்ள பெட்ரோலை அடைக்கிற நீடில் சீட்ல போய் உக்காந்துக்கும். ஹோஸ்ல பொடி வெடிப்பு இருந்தாகூட பம்ப் பெட்ரோலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சும், வெளியே ஒரு சொட்டு கசிவு தெரியாது. பம்பை சோதிக்க கார்புரேட்டர் பக்கத்து லைனைக் கழட்டி ஒரு டப்பாவுக்குள்ள விட்டு, காயில் வயரை எடுத்துட்டு கிராங்க் பண்ணுங்க. அரை நிமிஷத்துல ஒரு பைன்ட் அளவுக்கு வரணும்.

அடுத்து உடம்பு. எட்டு ப்ளக்கும் வெளியே, த்ராட்டில் முழுசா திறந்து, கம்ப்ரெஷன் பாருங்க. இந்த இன்ஜின் 10.25க்கு 1, நல்லா இருந்தா 150 பிஎஸ்ஐக்கு மேல வரும். எண்ணை விட சமநிலைதான் முக்கியம், குறைஞ்ச சிலிண்டர் அதிகமான சிலிண்டர்ல முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. ஒண்ணு மட்டும் கம்மின்னா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலேன்னா வால்வ். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கம்மின்னா ஹெட் காஸ்கெட்.

அதோட டைமிங் செயின் தளர்வையும் பார்த்துடுங்க. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழட்டிட்டு கிராங்க் போல்ட்டை ஒரு பக்கம் கையால திருப்பி நிறுத்துங்க. இப்போ எதிர்ப்பக்கம் மெதுவா திருப்பி, ரோட்டார் அசைய ஆரம்பிக்கிற வரைக்கும் பேலன்சர் (கிராங்க் முன்முனையில இருக்குற கனமான வளையம்) எத்தனை டிகிரி போகுதுன்னு கவனிங்க. 8 டிகிரிக்கு மேல போனா செயினும் கியரும் மாத்துற நிலைமை. அந்தக் காலத்து ஜிஎம் வி8 பலதுல கேம் கியர் பல்லுக்கு நைலான் பூசியிருப்பாங்க. வயசானா அது நொறுங்கி ஆயில் பம்ப் வலையில போய் அடைக்கும். பழைய ஆயிலை வடிக்கும்போது சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டு வருதான்னு துணியில வடிகட்டிப் பாருங்க.

இதெல்லாம் சரின்னா இக்னிஷன். புது பாயிண்ட் இடைவெளி 0.019 அங்குலம், டுவெல் (பாயிண்ட் மூடியே இருக்குற கோணம்) 30 டிகிரி. டெல்கோ டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில சின்ன ஜன்னல் இருக்கே, அது வழியா ஓடும்போதே 1/8 அங்குல ஆலன் கீ விட்டு திருப்பலாம். மீட்டர் இல்லாதவங்களுக்கு ஜிஎம் சொன்ன வழி: இன்ஜின் மிஸ் ஆகுற வரைக்கும் வலப்பக்கம் திருப்பி, அங்கிருந்து அரைச் சுத்து திரும்ப விடுறது. உங்ககிட்ட மீட்டர் இருக்கு, நேரா 30ல வைங்க. டுவெலை முதல்ல, டைமிங்கை அப்புறம். டுவெல் மாறினா டைமிங்கும் கூடவே நகரும். கேம்ல பாயிண்ட் உரசுற இடத்துல ஒரு சிட்டிகை டிஸ்ட்ரிப்யூட்டர் கிரீஸ் வைங்க, இல்லேன்னா அந்தக் கட்டை தேய்ஞ்சு இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும்.

ரோட்டாரை எடுத்தா கீழே ரெண்டு எடைக்கல்லும் ரெண்டு ஸ்பிரிங்கும் தெரியும். நின்ன வண்டியில இது துருப்பிடிச்சு இறுகியிருக்கும். கையால விரிச்சு விட்டா தானா "டக்"னு திரும்பணும். இன்ஜின் வேக்குவத்தால டைமிங்கை முன்னாடி தள்ளுற வேக்குவம் அட்வான்ஸ் டப்பாவை கை பம்பால 15 அங்குலம் இழுத்துப் பாருங்க. முள் இறங்கினா டயஃப்ரம் ஓட்டை.

வயர் வரிசை 1-8-4-3-6-5-7-2, ரோட்டார் கடிகார திசையில சுத்தும். 5ம் 7ம் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து இருக்கு, பத்த வைக்கிறதும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. அந்த ரெண்டு வயரும் ஒட்டிக்கிட்டுப் போனா 5ல பாயுற மின்னழுத்தம் 7லயும் தூண்டி, முன்கூட்டியே பத்த வெச்சிடும். பிரிச்சுக் கட்டுங்க.

நாலு_பேரல்:

ஓஹாயோ சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றுங்க. ஆனா உங்க வண்டியில கார்புரேட்டர்லயும் கோளாறு இருக்கு. அதை நீங்களே எழுதியிருக்கீங்க. ராத்திரி நின்னா காலையில நீளமா கிராங்க், சூட்டுல நிறுத்தினா கறுப்புப் புகை. ரெண்டும் சேர்ந்து வந்தா குவாட்ராஜெட் அடியில கிணத்து அடைப்பான் கசியுதுன்னு சந்தேகப்படலாம்.

கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்குற கிண்ணம்தான் ஃப்ளோட் பவுல், அதுக்குக் கீழே மெயின் ஜெட் கிணறுகள் இருக்கு. அதுக்காகத் துளைபோட்ட இடத்தை ஃபேக்டரியில சின்ன உலோக அடைப்பான் அடிச்சு மூடியிருப்பாங்க. வருஷக்கணக்கா சூடாகி, குளிர்ந்து, அது லேசா தளர்ந்துடும். இன்ஜினை நிறுத்தினதும் பவுல்ல இருக்குற பெட்ரோல் சொட்டுச் சொட்டா மேனிஃபோல்டுக்குள்ள இறங்கும். கால் மணி நேரத்துல வந்தா மேனிஃபோல்ட் ஈரமா இருக்கும், அதான் கறுப்புப் புகை. காலையில வந்தா பவுல் காலி, பம்ப் நிரப்புற வரைக்கும் கிராங்க். கழட்டி, த்ராட்டில் பாடியைப் பிரிச்சு, பவுல்ல பெட்ரோல் ஊத்தி வெள்ளைக் காகிதத்து மேல வெச்சா எந்த அடைப்பான்னு கறை காட்டிக் கொடுத்துடும். கிளீனர் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, சுரண்டி, ஜேபி வெல்ட் எபாக்ஸி பூசி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. அவசரப்பட்டு மாட்டினா எத்தனால் அதை இளக்கிடும்.

பவுல்ல பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்துற மிதவை, ஃப்ளோட்டையும் பார்க்கணும். ஒரிஜினல் ஃப்ளோட் நுரை மாதிரியான பிளாஸ்டிக். வயசானா பெட்ரோலை உறிஞ்சி கனமாகி, மட்டம் உயர்ந்து வழிய ஆரம்பிக்கும். ஃப்ளோட்டை நகத்தால அழுத்திப் பாருங்க, ஈரம் கசிஞ்சா தூக்கிப் போடுங்க. வெளியே காய்ஞ்சு தெரிஞ்சாலும் பழசை மறுபடி மாட்டாதீங்க, கிட் வாங்கும்போது புது ஃப்ளோட்டும் நீடில் சீட்டும் சேர்த்தே வாங்குங்க.

மிதிச்சா ஒரு நொடி செத்துப்போற விஷயத்துல மூணு இடம் பார்க்கணும். முதலாவது ஆக்ஸிலரேட்டர் பம்ப். இன்ஜினை நிறுத்திட்டு மேலே இருந்து உள்ளே பார்த்துக்கிட்டு த்ராட்டிலை இழுங்க. அசைச்ச அந்தக் கணமே முன்பக்கத்து ரெண்டு சின்ன தொண்டைக்குள்ளயும் (ப்ரைமரி) கோடு போட்ட மாதிரி பீச்சணும். தாமதமா வந்தாலோ ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ பம்ப் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கு. எத்தனால் தாங்குற ரப்பர்னு கிட்ல எழுதியிருக்கணும். ஷெல்ஃப்ல பல வருஷம் கிடந்த பழைய கிட் மலிவா கிடைச்சாலும் எடுக்காதீங்க.

ரெண்டாவது இடத்தை நிறையப் பேர் விட்டுடுவாங்க. பக்கவாட்டுல இருக்குற சோக் புல்-ஆஃப் டயஃப்ரம். குளிர்ல சோக்கைக் கொஞ்சம் திறக்கறதோட இன்னொரு வேலையும் அதுக்கு உண்டு. ஆழமா மிதிச்சா மட்டும் திறக்குற பின்பக்கத்துப் பெரிய தொண்டைகள் (செகண்டரி) மேலே இருக்குற பெரிய ஏர் வால்வ் சடார்னு திறக்காம மெதுவா திறக்க வைக்கிறதும் அதுதான். டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா ஆழமா மிதிச்சதும் ஏர் வால்வ் ஒரே அடியா விரிஞ்சு காத்து மட்டும் உள்ளே பாயும், பெட்ரோல் பின்னாடிதான் வரும். அந்த "டப்" அங்கேயும் பொறக்கலாம். கை பம்பால வேக்குவம் கொடுத்தா ராடு உள்ளே இழுத்துக்கிட்டு அப்படியே நிக்கணும். வேக்குவத்தை விட்டதும் ஒண்ணு ரெண்டு நொடி எடுத்து மெதுவா வெளியே வரணும். "டப்"னு வந்தா புதுசு மாத்துங்க.

மூணாவது ஏர் வால்வ் ஸ்பிரிங். ஆலன் ஸ்க்ரூ பூட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங் ஊசியைத் தொட ஆரம்பிக்கிற இடத்துல இருந்து அரை முதல் முக்கால் சுத்து இறுக்கி வைங்க. மிதிக்கும்போது செத்துப்போனா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், ஒரேயடியா முறுக்கக் கூடாது.

பெட்ரோல் உள்ளே வர்ற பெரிய நட்டுல இருக்குற ஃபில்டரை மாத்தும்போது ரெண்டு ஸ்பேனர் போடுங்க, ஒண்ணு நட்டைப் பிடிக்க, ஒண்ணு லைன் நட்டைத் திருப்ப. கார்புரேட்டர் உடம்பு மென்மையான துத்தநாக வார்ப்பு. அந்த மரை போச்சுன்னா கார்புரேட்டரே போன மாதிரிதான். மரையைக் கையால உள்ளே ஓட்டி, கடைசியில மட்டும் ஸ்பேனர்.

ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூ ரெண்டையும் மெதுவா தொடுற வரைக்கும் உள்ளே திருப்பி, ரெண்டரைச் சுத்து வெளியே எடுங்க. இன்ஜின் நல்லா சூடான அப்புறம் வேக்குவம் கேஜ் மாட்டி, ரெண்டையும் மாத்தி மாத்தி, முள் உச்சத்துக்கு வர்ற இடத்துல நிறுத்துங்க. இது டைமிங் முடிச்ச அப்புறம் மட்டும்.

புது ஹோலி கேட்டீங்க. ஒழுங்கா இருக்குற குவாட்ராஜெட் 750 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 750 கன அடி காத்து), சின்ன ப்ரைமரியால ஊருக்குள்ள சிக்கனம், பெரிய செகண்டரியால இழுப்பு. ஒரிஜினல் எண் உள்ள கார்புரேட்டரைக் கழட்டிப் போட்டுட்டா வண்டியோட மதிப்பும் குறையும். த்ராட்டில் ஷாஃப்ட் ஆடுதான்னு மட்டும் கையால அசைச்சுப் பாருங்க. ஆடினா அலுமினிய பேஸ் தேய்ஞ்சிருக்கு, புஷ் போடணும்.

பழைய_டார்க்:

ரெண்டு பேரும் தொடாதது மூணு இருக்கு.

முதல்ல டைமிங் குறி. ஹார்மானிக் பேலன்சர்ல உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல ரப்பர் பட்டை இருக்கு. ரப்பர் இறுகிப் போனா வெளி வளையம் நழுவி, அதுல இருக்குற கோடு பொய் சொல்லும். நீங்க 10 டிகிரி வெச்சிருக்கேன்னு நினைப்பீங்க, உண்மையில அது 2 டிகிரியா இருக்கும். டைமிங் லைட் பிடிக்கிறதுக்கு முன்னாடி உண்மையான டாப் சென்டரை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்தைக் கண்டுபிடிங்க. பேட்டரியைக் கழட்டிட்டு, எல்லா ப்ளக்கையும் எடுத்து, முதல் சிலிண்டர் ப்ளக் ஓட்டையில பிஸ்டனைத் தடுக்குற பிஸ்டன் ஸ்டாப் மாட்டுங்க. கிராங்கைக் கையால மெதுவா திருப்பி பிஸ்டன் முட்டுற இடத்துல, இன்ஜின் மேல இருக்குற டைமிங் தகட்டுல சைபருக்கு நேரா பேலன்சர்ல சாக்பீஸ் கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி முட்டுற இடத்துல இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடு மையம்தான் நிஜமான டாப் சென்டர். ஃபேக்டரி கோடு அதுல இருந்து விலகியிருந்தா பேலன்சரை மாத்துங்க. ரப்பர் நழுவின பேலன்சரை வெச்சு வேகமா ஓட்டினா வளையம் கழண்டு ரேடியேட்டரையே கிழிச்சிடலாம். வாங்கும்போது 396க்கு உண்டானதைப் பார்த்து வாங்குங்க, 454 பேலன்சர் வெளிப்பக்க எடை வெச்சது, இதுக்கு ஒத்து வராது.

டைமிங்கை ஐடில்ல மட்டும் பார்த்து விட்டுடாதீங்க. வேக்குவம் ஹோஸைக் கழட்டி அடைச்சுட்டு, 3,000 ஆர்பிஎம்ல மொத்தம் 34 முதல் 36 டிகிரி வரட்டும். டிகிரி கோடு போட்ட பேலன்சர் இல்லேன்னா ஒட்டுற டிகிரி டேப் வாங்கவும் தேவையில்ல. பேலன்சர் சுற்றளவை அளந்து பத்தா வகுங்க, அதுதான் 36 டிகிரி. 8 அங்குல விட்டம்னா 2.51 அங்குலம், 7 அங்குலம்னா 2.2. அந்த இடத்துல பெயின்ட் கோடு போட்டு லைட்டைப் பிடிங்க. 93 ஆக்டேன்லயும் மேடு ஏறும்போது முத்து கொட்டுற மாதிரி நாக்கிங் சத்தம் வந்தா 2 டிகிரி பின்னாடி எடுங்க. இரும்பு ஹெட், 10.25 கம்ப்ரெஷன், சாதாரண 87 போட்டா பிஸ்டனே உடையலாம்.

ரெண்டாவது வெப்பம். சிக்னல்ல ஏறி ஹைவேல இறங்குறது காத்து போதலேன்னு அர்த்தம், ரேடியேட்டர் அடைப்பு இதுக்கு நேரெதிரா ஹைவேலதான் காட்டும். ஃபேனைச் சுத்தி இருக்குற உறை, ஃபேன் ஷ்ரவுட் இருக்கா? பல வண்டியில யாரோ கழட்டிப் போட்டிருப்பாங்க. ஷ்ரவுட் இருந்தா ஃபேன் கிளட்ச். சூடா நிறுத்தின உடனே ஃபேனைக் கையால சுத்தினா எதிர்த்து நிக்கணும். தானா ரெண்டு மூணு சுத்து ஓடினா கிளட்ச் போச்சு. அதோட வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அடியில ஹீட் ரைசர் வால்வ் ஒண்ணு இருக்கு. அது மூடின நிலையிலயே துருப்பிடிச்சு நின்னா சூடான புகை முழுக்க கார்புரேட்டர் அடியில போய்த்தான் மறுபக்கம் வெளியேறும். பெட்ரோல் கொதிக்கும், சூட்டுல ஸ்டார்ட் ஆகாது. எதிர் எடையைக் கையால திருப்பிப் பாருங்க, சுலபமா ஆடணும். ஊடுருவுற ஆயில் விட்டு, லேசா தட்டி விடுவிங்க.

மூணாவது டர்போ 400. டிரான்ஸ்மிஷன் வலப்பக்கம் மாடுலேட்டர்னு ஒரு சின்ன டப்பா, அதுக்கு மேனிஃபோல்ட்ல இருந்து ஒரு வேக்குவம் ஹோஸ் வரும். அந்த ஹோஸைக் கழட்டிப் பாருங்க. உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தா டயஃப்ரம் கிழிஞ்சு டிரான்ஸ்மிஷன் ஆயிலை இன்ஜின் குடிச்சுக்கிட்டு இருக்கு. வெள்ளைப் புகை, ஐடில் ஆட்டம், கியர் தாமதமா மாறுறது எல்லாத்துக்கும் ஒரே காரணமா அது இருக்கும். கழட்ட ஒரே ஒரு போல்ட்.

பிரேக்கை ஓட்டுறதுக்கு முன்னாடியே முடிங்க, இன்ஜினுக்குப் பின்னாடி இல்ல. இடப்பக்கம் இழுத்தா வலப்பக்கம் பிடிக்கலேன்னுதான் முதல்ல நினைக்கணும். முன்னால ரெண்டு ரப்பர் ஹோஸ், பின்னால ஒண்ணு. உள்ளே வீங்கி அடைச்சிருக்கும், வெளியே புதுசு மாதிரி தெரியும். மூணையும் மாத்தி, முன் காலிப்பர் பிஸ்டன் துருவைப் பார்த்து, பின் வீல் சிலிண்டர் ரப்பர் உறையை விலக்கி ஈரம் இருக்கான்னு பார்த்து, பழைய ஃப்ளூயிட் முழுக்க போற வரைக்கும் புது டாட் 3 ஊத்தி ப்ளீட் பண்ணுங்க. டயர்ல டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும். பட்டன் நல்லா இருந்தாலும் பத்து வருஷம் தாண்டினதை நம்பி இந்த வண்டியை ஹைவேல ஏத்தாதீங்க.

மிச்சிகன்_வி8:

எல்லாருக்கும் நன்றி. இந்த வார இறுதியில பார்த்தது:

ஆயில்ல பெட்ரோல் வாசம் இருந்தது, வடிச்சுட்டேன், பிளாஸ்டிக் துண்டு எதுவும் இல்ல. கம்ப்ரெஷன் 155க்கும் 170க்கும் நடுவுல எட்டும். செயின் தளர்வு 4 டிகிரி. டுவெல் 38 காட்டுச்சு. வேக்குவம் அட்வான்ஸ் டப்பா வேக்குவத்தைப் பிடிக்கல. ஐடில் வேக்குவம் 14, முள் ஆடாம நிக்குது. பிஸ்டன் ஸ்டாப் வெச்சுப் பார்த்ததுல பேலன்சர் கோடு 7 டிகிரி தள்ளியிருக்கு. மாடுலேட்டர் ஹோஸ் காய்ஞ்சு இருக்கு. புல்-ஆஃப் ராடு உடனே வெளியே குதிக்குது. ஷ்ரவுட் இருக்கு, ஃபேன் கிளட்ச் தளர்வு.

பாயிண்ட்டை விட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டிடலாமா? வேக்குவம் அட்வான்ஸை கார்புரேட்டர் போர்ட்ல மாட்டறதா, நேரா மேனிஃபோல்ட்லயா?

ஓஹாயோ_கரேஜ்:

அருமையான அளவுகள். கம்ப்ரெஷனும் செயினும் இப்படி இருந்தா இன்ஜினைப் பிரிக்கற வேலை இல்ல, நிம்மதியா இருங்க.

14ல ஆடாம நிக்கிற முள் டைமிங் பின்தங்கினதுக்கு அடையாளம், இல்ல ஏதோ வேக்குவம் கசிவு. உங்க கதையில டைமிங்னு சொல்ல மூணு சாட்சி இருக்கு: டுவெல் 38னா பாயிண்ட் இடைவெளி சுருங்கியிருக்கு, அது டைமிங்கைப் பின்னாடி தள்ளும், பேலன்சர் கோடு விலகியிருக்கு, அட்வான்ஸ் டப்பா செத்துப்போச்சு, அந்த ஓட்டையே ஒரு வேக்குவம் கசிவும்கூட. டுவெல் 30, புது பேலன்சர், புது டப்பா, அப்புறம் டைமிங். கேஜ் 17 முதல் 20க்குள்ள வந்து நிக்கணும். ஐடில் டிரைவ் கியர்ல 600ல இருந்து 650.

எலக்ட்ரானிக் நல்லதுதான், ஆனா இப்போ வேண்டாம். முதல்ல பாயிண்ட்ல ஓட வெச்சு எல்லாத்தையும் சரி பாருங்க. மாத்துறப்போ ஒரு விஷயம்: பாயிண்ட்டுக்காக காயிலுக்குப் போற வயர் ஹார்னஸ்லயே ரெசிஸ்டன்ஸ் வயரா இருக்கு, ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் வராது. எலக்ட்ரானிக் மாடியூல் பலதுக்கு முழு 12 வோல்ட் வேணும். அந்த வயர்லயே மாட்டினா குளிர்ல ஓடும், சூட்டுல செத்துப்போகும். ஃப்யூஸ் பாக்ஸ்ல இக்னிஷன் முனையில இருந்து தனி வயர் இழுக்கணும்.

பழைய_டார்க்:

என் விருப்பம் மேனிஃபோல்ட் வேக்குவம். ஐடில்ல டைமிங் முன்னாடி நின்னா எரிப்பு சிலிண்டருக்குள்ளேயே முடிஞ்சிடும், எக்ஸாஸ்ட் போர்ட்லயும் தண்ணியிலயும் வெப்பம் குறையும். சிக்னல்ல உங்களுக்கு ஏறுற 220ல ஒரு பங்கு அதுலயே இறங்கும், மீதியை புது ஃபேன் கிளட்ச் பார்த்துக்கும். டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம். டிரைவ்ல போட்டா ஐடில் வேக்குவம் 2, 3 அங்குலம் இறங்கும். அந்த இறங்கின அளவை விடக் குறைஞ்சது 2 அங்குலம் கீழேயே டப்பா முழுசா இழுத்து முடிச்சிருக்கணும். இல்லேன்னா சிக்னல்ல நிக்கும்போது டப்பா பாதி இழுத்தும் இழுக்காமலும் அல்லாடி, ஐடில் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். அப்படி ஆனா போர்ட்டட் பக்கம், அதாவது கார்புரேட்டர் போர்ட்டுக்கு, மாத்துங்க, அதுவும் தப்பில்ல, ஃபேக்டரி பல வண்டிக்கு அப்படித்தான் விட்டது.

நாலு_பேரல்:

ஆயில்ல பெட்ரோல் வந்ததுக்கு பம்பா கார்புரேட்டரான்னு முடிவு பண்ணிடுங்க, புது ஆயிலை ஊத்தி அதையும் வீணாக்காதீங்க. பம்ப் உடம்புல ஒரு சின்ன வடிகால் ஓட்டை இருக்கும், அங்கே ஈரமா இருந்தா டயஃப்ரம். காய்ஞ்சு இருந்தாலும் இந்த வயசுல புது பம்ப் போடுறதுதான் சரி. இன்ஜினுக்குள்ள இருந்து பம்பை இயக்குற ராடை மேலே தூக்கிப் பிடிக்க அதுல கெட்டியான கிரீஸை அப்பிடுங்க, விழாம ஒட்டிக்கிட்டு நிக்கும்.

கார்புரேட்டரைத் தூக்கும்போது மேனிஃபோல்ட் மேல் முகத்தைப் பாருங்க. அந்த வருஷத்து சில குவாட்ராஜெட் மேனிஃபோல்டுகள்ல கார்புரேட்டர் பேஸுக்கு நேர் கீழே லாட வடிவத்துல எக்ஸாஸ்ட் புகை ஓடுற ஒரு பள்ளம் இருக்கும். அது இருந்தா மெல்லிசான ஸ்டெயின்லெஸ் தகடும் அதுக்குரிய மெல்லிய காஸ்கெட்டும் ரெண்டும் கட்டாயம். கிட்ல வர்ற சாதாரண தடிமன் காஸ்கெட்டை மட்டும் வெச்சா சூடான புகை அதை எரிச்சு, அப்புறம் அலுமினிய பேஸையே அரிச்சுடும். பள்ளம் இல்லேன்னா தடிமனான வெப்பத்தடுப்பு காஸ்கெட் போடுங்க, ஹூட் இடிக்காதான்னு ஏர் கிளீனரோட சேர்த்து அளந்துட்டு.

திரும்ப மாட்டும்போது முன்னால ரெண்டு நீள போல்ட், பின்னால ரெண்டு குட்டை. எல்லாத்தையும் கையால இறக்கி, குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா 12 அடி-பவுண்ட் வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். முன் போல்ட் ரெண்டும் கார்புரேட்டர் உடம்பு முழுக்க ஊடுருவிப் போறது, அதை முறுக்கினா பவுல் வளைஞ்சு மேல்மூடி காஸ்கெட் உக்காராம பெட்ரோல் கசியும். மாட்டுறதுக்கு முன்னாடி உடம்பு மேல ஸ்டீல் ஸ்கேலை வெச்சு, அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் அதை எப்படி முறுக்கினாரோ.